அம்மாவுக்கு வால் தெரியாது

இதை நீ படித்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பாதியில் அலுத்துப்போய் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "அப்பா என்ன எழுதியிருக்காரு, சுருக்கமா சொல்லு" என்று கேட்கவும் கேட்பாய். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சொல்ல மாட்டாள். இங்கிலீஷில் நாலு வரி தட்டி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். அப்படி முடிந்துவிடக் கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். இருபத்தொரு வருஷம் என் தொண்டையில் நின்ற விஷயம் இது. உனக்கும் கொஞ்சம் மெதுவாகவே வந்து சேரட்டும். தை மாதம் உனக்கும் சாயலிக்கும் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, அவர்கள் பக்கத்து மராத்தி மாமாக்களுக்கு வேட்டி கட்டத் தெரியுமா என்ற ஆராய்ச்சியும் நடந்து முடிந்தது. இது ஒன்றுதான் பாக்கி.

நீ ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்கவே வேண்டாம். பார்ப்பவர்களிடமெல்லாம் நீ சொல்லும் கதை அதுதானே. "எனக்குப் பத்து வயசுல எங்கப்பா வால்நட்சத்திரம் காட்டினார், வாலை என் கண்ணால பார்த்தேன், அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம் இது." பெங்களூரில் சனிக்கிழமை சனிக்கிழமை நீயும் உன் நண்பர்களும் ஜனங்களுக்குத் தொலைநோக்கி வைத்துக் காட்டுகிறீர்களே, அங்கேயும் இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாயாம். சாயலி சொன்னாள். கேட்டு எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அன்று நீ பார்த்தது வால்நட்சத்திரம் இல்லை.

சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது நான் புனேயில், லோஹேகாவில், விமானப்படையில் ரேடியோ பழுது பார்க்கும் பிரிவில் இருந்தேன். நாம் விஷ்ராந்த்வாடிக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வானம் பார்க்கிற ஆகாஷ் தர்ஷன் குழுவில் சேர்ந்து எனக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் வாய் மட்டும் அறுபது வருஷ அனுபவம் பேசும். யூனிட்டில், காலனியில், பிள்ளையார் கோயில் வாசலில், காய்கறி வண்டிக்காரரிடம்கூட, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சாங்வி மைதானத்துக்கு வாங்க, வால்நட்சத்திரம் காட்டறேன்" என்று அழைப்பு வைத்துவிட்டேன். ஏதோ நானே செய்து மேலே அனுப்பின மாதிரி. நம் காலனித் தமிழ்க் குடும்பங்கள் ஒரு டெம்போ பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். என் மேலதிகாரி வாரண்ட் ஆபீசர் மனைவியோடு வந்திருந்தார். குழுவில் ஐந்து தொலைநோக்கி வைத்திருந்தார்கள், அதில் ஒன்று என் பொறுப்பு. என் வரிசையில் மட்டும் எழுபது எண்பது பேர். வீட்டு ஆட்கள் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் பழக்கம். அதனால் நீயும் உன் அம்மாவும் வரிசையின் கடைசியில் நின்றீர்கள். நீ ஒரு மணி நேரம் நின்றாய். ஒரு தடவைகூட முனகவில்லை.

சூரியன் மறைந்ததும் மேற்கே தாழ்வாக அது தெரிய வேண்டும். தெரிந்தது, ஒரு இருபது பேருக்கு. பிறகு மே மாதத்து மேகம் அந்தப் பக்கம் சுவர் எழுப்பியது மாதிரி ஏறிவிட்டது. மற்ற நான்கு தொலைநோக்கிக்காரர்களும் நல்லவர்கள். "ஸாரி, ஆஜ் நஹீ திகேகா", இன்று தெரியாது என்று சொல்லிவிட்டு வியாழனைக் காட்டத் தொடங்கினார்கள். நான் சொல்லவில்லை. வரிசையில் அடுத்து நின்றது வாரண்ட் ஆபீசர். அவரை நானே வருந்தி அழைத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. தலைக்கு மேலே, கொஞ்சம் கிழக்கு ஓரமாக, வானம் சுத்தமாக இருந்தது. அங்கே ஒரு நட்சத்திரக் கொத்து உண்டு. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கிற இடம், ஆனால் சின்னத் தொலைநோக்கியில் பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாகத்தான் தெரியும். வால்நட்சத்திரமும் அப்படித்தானே தெரியும்? குழாயைத் திருப்பினேன். "மேகம் வந்துடுச்சு சார், ஆனா நான் பிடிச்சுட்டேன், பாருங்க" என்றேன்.

அவர் பார்த்தார். "வாஹ்!" என்றார். அதோடு என் கதை முடிந்தது. அவருக்கு அடுத்தவரிடம் மாற்றிச் சொல்ல முடியுமா? வரிசையில் ஒருவர், "பேப்பர்ல மேற்குன்னு போட்டிருந்துதே" என்று கேட்டார். "பேப்பர்காரனுக்கு என்ன சார் தெரியும்" என்று சிரித்தேன். ஐம்பது பேர் அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டு வால்நட்சத்திரம் பார்த்த சந்தோஷத்தோடு புளிசாதம் சாப்பிடப் போனார்கள். பிறகு நீ வந்தாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாயைத் தொடாமல், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே குனிந்தாய். உன்னிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். காதோடு சொன்னால் யாருக்குக் கேட்டிருக்கப் போகிறது? நான் கேட்டது இதுதான்: "பாத்தியாடா? வால் தெரியுதா?" நீ இன்னும் கொஞ்சம் குனிந்து கண்ணை இடுக்கினாய். பிறகு, "தெரியுதுப்பா! வால் தெரியுது! நீளமா!" என்று கத்தினாய்.

அந்தக் கொத்துக்கு வால் கிடையாது. உருண்டையாக இருக்கும். நான் கேட்டதால் உனக்கு வால் தெரிந்தது. நீ பொய் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வயதுப் பையன் அப்பா சொன்னதைத் தன் கண்ணுக்குள் வரைந்துகொண்டான், அவ்வளவுதான். அடுத்த நாள் நீ நோட்டில் வரைந்த படம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. மஞ்சள் கிரேயானில் வால், பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பள்ளி திறந்ததும் உன் டீச்சர் அதை வகுப்புச் சுவரில் மாட்டியபோது நான் பார்க்க வரவில்லை, டியூட்டி என்று சொன்னேன். டியூட்டி இல்லை.

இதோடு போயிருந்தால் நான் இந்த வயதில் இதைக் கிளற மாட்டேன். ஒரு அப்பா பிள்ளைக்கு ஒரு வாலைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டான், போகட்டும், அதனால் நல்லதுதானே விளைந்தது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு செத்துப்போயிருப்பேன். ஆனால் உனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் ஒருத்தி நின்றிருந்தாள்.

உன் அம்மா கடைசியாகப் பார்த்தாள். மூன்று பேரும் ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது, ஆளந்தி ரோடு சிக்னலில் வண்டி நின்றது. அப்போது என் தோளுக்கு மேலே எட்டிச் சொன்னாள்: "ஏங்க, எனக்கு வாலே தெரியலியே. ஓரத்துல பொடிப் பொடியா நட்சத்திரம் மாதிரிதான் இருந்துது." அவள் சொன்னது சரி. அந்தச் சின்னத் தொலைநோக்கியில் அந்தக் கொத்தின் ஓரத்து நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகின கண் வேண்டும். எங்கள் குழுவிலேயே இரண்டு பேருக்குத்தான் அது முடியும், எனக்கு இன்றுவரை ஒழுங்காக முடிந்ததில்லை. முதல்முறையாகக் குனிந்தவள் பார்த்துவிட்டாள். பார்த்ததை அப்படியே சொல்லியும் விட்டாள். நான் என்ன சொன்னேன்? "உனக்குப் பாக்கத் தெரியல. கண்ணாடி போடணும் போலிருக்கு." எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த நீ சிரித்தாய். "அம்மாவுக்கு வால் தெரியலியாம்!"

அதற்குப் பிறகு நம் வீட்டில் அது ஒரு சொலவடையே ஆகிவிட்டதே. சாவியைக் காணோம் என்று அவள் தேடினால், "அம்மாவுக்கு வால் தெரியாது." பஸ் போர்டை அவள் படிப்பதற்குள் பஸ் போய்விட்டால், "அம்மாவுக்கு வால் தெரியாது." நானும் சொன்னேன், நீயும் சொன்னாய், ஊரிலிருந்து வந்த உன் சித்தப்பாகூடக் கற்றுக்கொண்டு போனார். அவளும் கூடவே சிரிப்பாள். கண் டாக்டரிடம் போய்வந்தாள், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அவள் டாக்டரை நம்பவில்லை, என்னைத்தான் நம்பினாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றுக்கும், "நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று ஆரம்பித்தாள். கேஸ் மூடியிருக்கிறதா, ரயில் டிக்கெட்டில் தேதி சரியா, உன் கல்லூரி ஃபாரத்தில் பெயர் சரியா. வேலூரிலிருந்து தனியாக ரயிலேறி, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், இரண்டு பெட்டியோடு புனே வந்து இறங்கினவள் அவள். ஆகாஷ் தர்ஷனுக்கு ஒவ்வொரு மாதமும் என்னோடு வருவாள், ஃபிளாஸ்க்கில் காபி கொண்டு வந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பாள். பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு நகர மாட்டாள். "பாபி, நீங்களும் வந்து பாருங்க" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டால், "நான் பாத்தாச்சு" என்பாள். இருபத்தொரு வருஷமாக ஒரு தொலைநோக்கியிலும் அவள் கண் வைக்கவில்லை. நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அதே வருஷங்களில்தான் நான் குழுவில் பெரிய ஆளானேன், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வருகிற தொண்டர்களுக்கு நான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பார்க்க வருகிறவரிடம் என்ன தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. "என்ன தெரியுது?" என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்பதே சரியான பதில். எல்லாரும் இதை என் பெருந்தன்மை என்று நினைத்தார்கள். நீயும் பெங்களூரில் அப்பாவின் சட்டம் என்று இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாயாம். குற்றம் செய்தவன்தான் இவ்வளவு கறாராகச் சட்டம் போடுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது போன அக்டோபருக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீ வந்திருந்தாய். அந்தச் சமயம் மேற்கே ஒரு வால்நட்சத்திரம் தெரிந்துகொண்டிருந்தது. அதே சாங்வி மைதானம். சுற்றிலும் இப்போது பதினெட்டு மாடிக் கட்டடங்கள், வெளிச்சம், புகை. சாயலியை அழைத்து வந்தாய். எல்லார் கையிலும் ஃபோன், ஃபோனில் யாரோ எங்கேயோ எடுத்த படம், அதில் பச்சைத் தலையும் முழ நீள வாலும். என் தொலைநோக்கியில் பத்து நிமிஷம் முன்னால் நானே பார்த்திருந்தேன். மங்கலான ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் வால் தெரிய வாய்ப்பில்லை. சாயலி குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்து, "காகா, மலா ஷேபூட் திஸத் நாஹீ" என்றாள். எனக்கு வால் தெரியவில்லை என்றாள், தெளிவாக, பயமில்லாமல். நான் வாய் திறப்பதற்குள் நீ திறந்தாய். "நீட் பக, திஸேல்." ஒழுங்காகப் பார், தெரியும். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அவளிடம் சொன்னாய், "நீயும் எங்கம்மா கேஸ்தான். அவங்களுக்கும் வால் தெரியாது."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அம்மா சிரித்தாள். சாயலி சிரிக்கவில்லை. மறுபடி குனிந்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்து, முன்னைவிடச் சின்னக் குரலில், "ஹோ, ஆஹே வாட்டதே" என்றாள். இருக்கிற மாதிரிதான் தோணுது என்றாள். உனக்குத் திருப்தி. உன் வாயிலிருந்து வந்தது என் குரல், ஆளந்தி ரோடு சிக்னலில் நின்றிருந்த அந்த ஸ்கூட்டர்காரன் குரல், ஒரு எழுத்து மாறாமல். அப்போதும் நான், "அவ சொல்றதுதான் சரிடா, எனக்கும் வால் தெரியல" என்று சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அறுபத்துமூன்று வயதில் இரண்டாவது தடவை கோழையாக இருந்தேன்.

நீ ஊருக்குக் கிளம்பின மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாரண்ட் ஆபீசர், மேகம், குழாயைத் திருப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்தப் பொடிப் பொடி?"

"நட்சத்திரந்தான். அன்னிக்கு அத்தனை பேர்ல உனக்கு மட்டுந்தான் அது தெரிஞ்சுது."

எழுந்து உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் எதிரே வந்து நின்று, "நான் எத்தனை தடவை சிரிச்சிருக்கேன், அதை நெனச்சாத்தாங்க எனக்கு ஆத்திரமா வருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்ட சொல்லிடுங்க. எனக்காக இல்ல. அந்தப் பொண்ணுக்காக" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்யதை குறைவு. ஆனாலும் அப்பன் என்கிற பதவி இருக்கிறதே. அந்த மே மாதத்து மாலை வானம் எப்படி இருந்தது என்று உன் கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம். வால்நட்சத்திரம் மேற்கே இருந்ததும், என் குழாய் தலைக்கு மேலே நின்றதும் அப்போதே உனக்குப் பிடிபட்டிருக்கும். எல்லாவற்றையும் சரிபார்க்கிற நீ இதை மட்டும் ஒருநாளும் சரிபார்க்கவில்லை. என்மேல் உனக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சாயலியும் உன்மேல் வைக்கப் போகிறாள், அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ உரக்கச் சொன்னால் இல்லாத வால் அவளுக்கும் தெரியும். உன்மேல் உள்ள பிரியத்தில் தெரியும். பிறகு தான் பார்த்ததைச் சொல்வதை அவள் நிறுத்திக்கொள்வாள், நீ அதைக் கவனிக்கவே மாட்டாய், வீடு சிரிப்பும் கும்மாளமுமாக நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வீடும் நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கடிதம் வந்ததும் அவளைக் கூப்பிட்டு, அன்று உனக்கு உண்மையில் என்ன தெரிந்தது என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், கல்யாணத்துக்குள் தீர்த்துக்கொள்ளலாம். உன் கதையை நான் பறித்துவிட்டேன் என்று வருத்தப்படாதே. வால் பொய்தான், ஆனால் ஒரு மணி நேரம் முனகாமல் வரிசையில் நின்றது நிஜம். உன் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது.

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஃபிளாஸ்க்கில் டீ என்று எழுதியிருந்தேன், காபி என்று அடித்துத் திருத்தினாள். என்னைக் கேட்கவில்லை. "நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. போன சனிக்கிழமை மைதானத்தில் சனிக் கிரகம் காட்டினோம். நம் காலனி ஆட்கள் பாதிப்பேர், சனி நம்மைப் பார்ப்பதே போதும், நாம் வேறு போய்ப் பார்க்க வேண்டுமா என்று வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் வளையம் பார்க்க ஆசை. இந்த வருஷம் வளையம் நமக்கு நேர் விளிம்பாகத் திரும்பியிருக்கிறது, கத்தியின் ஓரத்தை எதிரே வைத்துப் பார்க்கிற மாதிரி. அதனால் தட்டுப் போல விரிந்து தெரியாது. உனக்கு இது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லி வைக்கவில்லை. காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஃபிளாஸ்க்கை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றாள். வீட்டு ஆட்கள் நிற்கிற கடைசி இடத்தில் இல்லை, நடுவில், மற்ற ஜனங்களோடு. அவள் முறை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டேன்.

வெகு நேரம் பார்த்தாள். பிறகு, கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "வளையம்னு ஒண்ணும் இல்லீங்க. குறுக்கால ஒரு கோடு இருக்கு. மெல்லிசா."

"சரியா?" என்று என்னைக் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர், முடிந்ததா என்கிற மாதிரி, "ஹோ கயா க்யா, ஆண்ட்டி?" என்றார்.

"ருக்கோ," என்றாள் உன் அம்மா. "நான் இன்னும் பாத்து முடிக்கல."

அப்பா